உப்பில் பிசைந்த சஹாரா

மைதாவும் கல் உப்பும் சரிபாதி. தண்ணீரைக் கையால் தெளித்துத்தான் பிசைகிறார் திருமூர்த்தி. ஊற்றினால் சஹாரா வழிந்துவிடுமாம். பிட்சா பெட்டியின் அட்டைமேல் மாவை வரைபடமாகப் பரப்பி, கட்டைவிரலால் அழுத்திக்கொண்டே போக, நைஜர் ஆறு வளைகிறது. ஆற்றோரம் கிராம்பு குத்திய இடம் திம்பக்டு நகரம். வடக்கே பாலைவனத்தில் நீளும் கடுகு வரிசை, உப்பு ஏற்றி வரும் ஒட்டகங்கள்.

"மிச்சக் கடுகையாவது விடச் சொல்லுங்க அக்கா. ஞாயித்துக்கிழமை வரைக்கும் தாளிக்கோணும்," என்றாள் என்னிடம், அவர் மனைவி புஷ்பவல்லி.

ஞாயிற்றுக்கிழமை அவர்களுக்கு ஊர் திரும்பும் விமானம். பிளெய்ன்ஸ்பரோவில் எங்கள் எதிர்வீட்டுக்காரர் திருமூர்த்தி, உடுமலைக்காரர். ஐந்து வருடம் பார்த்த கம்ப்யூட்டர் வேலை ஏப்ரலில் போனது. வேலையோடு விசாவும் போயிற்று. அனுப்பிய ரெஸ்யூமேக்களுக்குப் பதிலே இல்லை. மகள் யாமினியின் வரலாற்று ப்ராஜெக்டையோ திங்கட்கிழமைதான் பள்ளியில் வைக்க வேண்டும்: மாலி, சோங்காய் போன்ற ஆப்பிரிக்க வணிக அரசுகள் ஏன் சரிந்தன?

"வாட்ஸ் த பாயிண்ட், அப்பா? ஐ வோண்ட் ஈவன் பி ஹியர்," என்று அவள் பென்சிலைப் போட்டுவிட்டாள்.

வகுப்பில் பெயர் இருக்கிறவரை வேலையைப் பாக்கி வைக்கக் கூடாது என்பது இவர் கட்சி. நூலகத்திலிருந்து நான்கு புத்தகங்கள் கொண்டுவந்து படித்தார். வறட்சி, அரியணைக்கு அடித்துக்கொண்ட அண்ணன் தம்பிகள், மொராக்கோவின் துப்பாக்கிகள், எல்லாம் சொல்வார். ஆனால் அதோடு விடமாட்டார்.

"துப்பாக்கி கடைசியிலதானுங்க வந்துச்சு," என்றார், ஹேர் ட்ரையரை வரைபடத்தின்மேல் பிடித்தபடி. "அதுக்கு நூறு வருஷம் முன்னாடியே கடலோரத்துல வெள்ளக்காரன் கப்பல் வந்து நின்னுருச்சு. தங்கம் கொஞ்சங்கொஞ்சமா அந்தப் பக்கம் திரும்பிருச்சு. திம்பக்டுல இருந்தவன் ஒரு தப்பும் பண்ணலீங்க. தொழில் தெரிஞ்சவன். கடையத் தொறந்து வெச்சுட்டு உக்காந்திருந்தான்."

பொடியுப்பு போட்டிருக்க வேண்டும். மே மாத மழைக்காற்றில் கல் உப்பு கசிந்து, எத்தனை முறை காயவைத்தும் சோங்காய் மறுபடி ஈரமாயிற்று.

அட்டையின் மூலையில், காரணத்தை மாணவியே தன் கையால் எழுத ஒரு வெள்ளைச் சீட்டு. அதை மட்டும் இவர் தொடவில்லை. பென்சிலைச் சீவி மூன்று நாள் மகளின் சாப்பாட்டுத் தட்டருகே வைத்தார். மூன்று நாளும் அவள் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தாள். பென்சில் அங்கேயே கிடந்தது.

ஞாயிறு காலை, பெட்டிகளெல்லாம் வண்டியில் ஏறியபின், என் கதவைத் தட்டினார். வரைபடத்தை மறுநாள் நான்தான் பள்ளியில் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். மூலையில் சீட்டு வெள்ளையாகவே இருந்தது. ஓரத்தில் கோத்திருந்த நீரைச் சட்டை நுனியால் ஒற்றி எடுத்துவிட்டு, ஒரு கடுகும் உருளாதபடி, இரண்டு கையாலும் நீட்டினார்.