பிரெய்டுக்கு அடியில் தங்கூசி

சொற்போர்களில் நான் பலமுறை தோற்றிருக்கிறேன். அந்தத் தோல்விகளை எல்லாம் மன்னித்தும் இருக்கிறேன். என்னால் மன்னிக்க முடியாமல் போனது ஒரே ஒரு வெற்றி. அது சென்ற ஆண்டு மாசி மாதத்தில், சிங்கவரத்து ஏரிக்கரையில் எனக்குக் கிடைத்தது.

பள்ளி நாள் முதல் எனக்கு ஒரே தூண்டில் கூட்டாளி. இப்போது செஞ்சியில் செல்போன் பழுது பார்க்கிறான். நானோ கல்லூரி கல்லூரியாக மேடைப் பேச்சுக்குப் போகிறவன். கடலைப் புண்ணாக்கு உருண்டையை முள்ளில் பிடித்து வீசிவிட்டுக் காத்திருக்கும் ஞாயிற்றுக்கிழமைக் காலைகளில்தான் என் உரைகள் முதலில் அரங்கேறும். அவன் “சரிதான்டா” என்று சொன்ன வாதத்தை மட்டுமே மேடைக்கு எடுத்துச் செல்வேன். நடுவர்கள் தந்த கோப்பைகளைவிட அந்த ஒற்றைச் சொல்லையே பெரிதாக நம்பினேன்.

எங்கள் இருவருக்கும் பொதுவாக, தூண்டில் நரம்பைச் சுற்றி வைக்கும் ரீல் ஒன்று. அதிலிருந்த நரம்பு பழசாகிச் சுருண்டு போனதால் புதியது சுற்ற வேண்டியிருந்தது. தங்கூசி போதும் என்றான் அவன். ஒற்றை இழையாக, வழவழப்பாக வரும் நைலான் நரம்பு. பிரெய்டு வேண்டும் என்றேன் நான். பல நுண்ணிழைகளை நெருக்கிப் பின்னியது, மெலிந்திருந்தும் வலியது.

“கரையெல்லாம் பாறைடா. பிரெய்டு ஒரசுனா நூல் நூலா பிரிஞ்சிடும். தங்கூசின்னா தாங்கும்,” என்றான்.

நான் எழுந்து நின்றேன். உட்கார்ந்துகொண்டு வாதாட எனக்கு வராது. “இழுத்தால் நீள்வது தங்கூசி! இருபது மீட்டருக்கு அப்பால் மீன் தொட்ட செய்தியைப் பாதி வழியிலேயே அது விழுங்கிவிடும். சேதி கொண்டுவராத தூதனை நம்பி எந்த அரசன் போருக்குப் போவான்?” என்று தொடங்கி, கோட்டை மலையை நோக்கிக் கை நீட்டி, அரை மணி நேரம் பேசினேன்.

கரைமேல் ஆடு மேய்த்துக்கொண்டிருந்தவர் குரல் கொடுத்தார்: “இன்னாப்பா, மீனுங்க ஓட்டு போடப் போவுதா?”

கூட்டாளி சிரிக்கவில்லை. கையில் ஒட்டியிருந்த புண்ணாக்கைத் தட்டிவிட்டு, “சரிதான்டா. பிரெய்டே போட்டுடலாம்,” என்றான்.

மறுவாரம் புதுச்சேரிக்குப் போய் அவனே வாங்கி, அவனே சுற்றிக்கொண்டு வந்தான். ரீல் நிறையப் பச்சை நிறப் பிரெய்டு. பக்கத்து ஊரான வல்லம் வரைக்கும் தூண்டில் போடுகிறவர்களிடம் எல்லாம் பிரெய்டின் பெருமையைப் பரப்பினேன். “இந்த ஏரிப் பாறையை அறிந்த என் கூட்டாளியே ஒப்புக்கொண்டான்” என்பதே ஒவ்வொரு முறையும் என் முடிவுரை. எங்கள் வீச்சு இருபத்தைந்து மீட்டரைத் தாண்டாது; ஆகவே இரண்டு மாதம் எனக்கு எதுவும் தெரியவில்லை.

சித்திரையில் ஒரு பெரிய கட்லா மாட்டியது. நடு ஏரியை நோக்கி ஓடியது. பச்சை நரம்பு போய்க்கொண்டே இருந்தது. திடீரென்று ஒரு முடிச்சு, தூண்டில் கழியின் வளையங்களில் டக் டக்கென்று இடித்துக்கொண்டு வெளியேறியது. அதன் பின்னால் வெள்ளையாக வந்தது தங்கூசி.

மீனைப் பார்ப்பதை விட்டு நான் அவனைப் பார்த்தேன். அவன் முகத்தில் வியப்பே இல்லை.

“இன்னாடா இது?”

“மீன பாருடா. முடிச்சு வர்றப்போ மெதுவா சுத்து.”

“இன்னாடா இதுன்னு கேக்கறேன்.”

“அடில தங்கூசி. மேல கொஞ்சம் பிரெய்டு. உன் ஆசைக்கு.”

திருப்பிச் சுற்றுகையில் முடிச்சு நுனி வளையத்தில் சிக்கியது. கட்லா ஒருமுறை உதறியதும், இரண்டு நரம்புகளும் சேர்ந்த இடத்திலேயே அறுந்தது. பச்சை முழுவதும் மீனோடு போயிற்று. எது சிறந்தது என்ற வழக்குக்குத் தீர்ப்பே கிடைக்கவில்லை.

“வேணாம்னு அன்னைக்கே சொல்லியிருக்கலாமேடா?”

“சொன்னேனே. நீ எழுந்து நின்னுட்ட. நின்னுட்டா உங்கூட யாரு பேசறது? சரின்னு சொன்னா உக்காந்துடுவ. மீனாவது புடிக்கலாம்.”

கோபமாகச் சொல்லியிருந்தால் பதிலுக்குப் பேசியிருப்பேன். போனில் எந்தப் பாகம் போய்விட்டது என்று கடைக்கு வருகிறவரிடம் விளக்கும் குரலில் சொன்னான்.

இத்தனை ஆண்டுகளில் அவன் சொன்ன சரிதான்டாக்கள் வரிசையாக நினைவுக்கு வந்தன. நதிநீர் பற்றிய உரைக்கு ஒன்று. தாய்மொழிக் கல்விக்கு ஒன்று. அதைக் கேட்டபோது அவன் கண் கலங்கியதாகக்கூட நினைத்திருந்தேன்.

“அப்போ என் பேச்செல்லாம்?”

“சிலது நெஜமாவே நல்லா இருந்துச்சுடா.”

“எது?”

அவன் யோசித்தான். யோசித்தபடியே தங்கூசியில் புது முள்ளைக் கட்டினான், மிச்ச நுனியைப் பல்லால் கடித்துத் துப்பினான், உருண்டை பிடித்து வீசியும் விட்டான்.

அடுத்து வந்த வியாழக்கிழமை விழுப்புரத்தில் எனக்கு ஒரு மேடை இருந்தது. “இந்த வாட்டி உனக்குப் பேசிக் காட்டப் போறதில்ல,” என்றேன்.

“சரிடா,” என்றான், உடனே. அந்தச் சம்மதத்தை மட்டும் என்னால் சந்தேகிக்க முடியவில்லை.