ஐஸ் பெட்டியில் வந்த பிள்ளை

சல்லி என்ற மீனவக் கிராமத்திலிருந்து ஒரு மனுசன் மீன் லொறியில் வந்து இறங்கி, மீன் பெட்டியொன்றைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தார். பிரசவ வார்ட்டில் அன்று பகல் வேலைத் தாதி நான்தான்.

"என்ன, இது மீன் விக்கிற இடமே?" என்று பாய்ந்தேன். எனக்கு எப்போதும் வாய் நீளம்.

"என்ர பிள்ளை, மிஸ்ஸி. விடியத்தான் வீட்டில பிறந்தது. குடல் வெளியில."

மூடியைத் திறந்தேன். பெட்டி நிறைய உடைத்த ஐஸ். நடுவில் சேலைத் துண்டில் சுற்றிய ஆண் குழந்தை. தொப்புளுக்கு வலப்பக்கம் வயிற்றில் ஒரு சின்ன ஓட்டை. அதால் குடல் முழுக்க வெளியே வந்து கிடந்தது.

"ஆர் ஐஸ் போடச் சொன்னது?"

"ஒருத்தரும் சொல்லேல்லை. மீனிலையும் குடல்தானே முதல் பழுதாகிறது?"

இப்படிப் பிறக்கும் பிள்ளைக்கு முதலில் வேண்டியது சூடு. குடலை இளஞ்சூடான உப்புநீர்த் துணியால் மூடி, உடம்பைப் பஞ்சால் பொதிந்து, மூக்கால் குழாய் விட்டு வயிற்றை வெறுமையாக்கி, கண்டிப் பெரியாஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டும். அங்கே வெட்டித் தைத்து ஒன்றிரண்டு தப்பியதும் உண்டு. டொக்டர் ஓடிவந்து பார்த்தார். "குடல் நல்ல நிறம். சூடு ஏறினால் இப்பவே அனுப்பலாம்" என்றார். சுடுநீர்ப் போத்தல்களை மாற்றி மாற்றி வைத்தோம். சூடு ஏறவேயில்லை. மத்தியானம் பிள்ளை போய்விட்டது.

வெளியே வந்தேன். தகப்பன் எழும்பினார்.

"குடல் பழுதாகேல்லைத்தானே, மிஸ்ஸி?"

"ஓம், குடல் திறம். பிள்ளையைத்தான் நீர் விறைக்கவைச்சுச் சாகடிச்சுப்போட்டீர்."

ஐயோ, சொல்லிவிட்டேன். ஒரு பொய் சொல்லியிருக்கலாம். அவர் ஐஸை வெளி வடிகானில் கொட்டிவிட்டு, அதே பெட்டியில் பிள்ளையைக் கிடத்திக்கொண்டு போனார்.

மூன்றாம் நாள் தாய் வந்தாள், பால் கட்டி, மார்பு கல்லாகி, காய்ச்சலோடு. நான் சொன்னதை அவர் ஒரு சொல் விடாமல் அவளிடம் ஒப்புவித்திருந்தார். என்னை ஏசுவாள் என்று பயந்தேன். ஏசவில்லை. நான் பாலைப் பிழிந்து எடுக்கையில் மெதுவாகக் கேட்டாள்.

"பிள்ளை அழுததோ, மிஸ்ஸி?"

"இல்லையம்மா. இஞ்ச வந்து ஒருக்காலும் அழேல்லை."

அது உண்மை. அழுகிற அளவுக்கு அதன் உடம்பில் சூடு இருக்கவில்லை.

"லொறியில அழுததாம்," என்றாள். "பசியெண்டு நினைச்சவராம்."