நேரம் சொல்லாத அறிவித்தல்

பேசாலையில் பெற்றிசியாவின் குரல் கேட்டால் அடுப்பைத் தணித்துவிட்டு வாசல் படலைக்கு ஓடிவராத பெண் கிடையாது. ஊரில் யார் செத்தாலும் மரண அறிவித்தல் வாசிப்பவள் அவள்தான். போனில் பதிந்து கொடுப்பாள். புருஷன் ஜஸ்ரின் தன் ஓட்டோவில் ஸ்பீக்கரைக் கட்டித் தெருத்தெருவாய்ப் போட்டுக்கொண்டு போவான். பெயர், பெண்சாதி பிள்ளைகள், உடன்பிறந்தார், கடைசியாக நல்லடக்க நேரம். அந்த நேரத்தை மட்டும் இரண்டு தரம் சொல்லுவாள். குரல் நடுங்கவே நடுங்காது. பெற்ற தாயின் அறிவித்தலையும் அப்படித்தான் வாசித்தாள். கல்நெஞ்சுக்காரி என்று சிலர் சொன்னார்கள். சொல்லட்டுமே, நடுங்கினால் புதைக்கச் சேமக்காலைக்கு எத்தனை மணிக்குப் போவதென்று யாருக்கு விளங்கும்?

ஜஸ்ரின் நல்லவன்தான், கள்ளுக் குடிக்காத நேரத்தில். குடித்துவிட்டால் தன்னைப்போல ஓட்டோ ஓட்ட இலங்கையிலேயே ஆளில்லை என்று ஒரு நினைப்பு. போன மாதம் மகள் டிலோஜினியை ரியூசனிலிருந்து ஏற்றிவந்தபோது ஓட்டோ பனைமட்டை வேலிக்குள் புகுந்தது. பிள்ளைக்கு முழங்கை உரஞ்சியதோடு போச்சு. "நாய் குறுக்கால வந்தது" என்றான். நாயாம் நாய்! மகள் அடுத்த நாளிலிருந்து ரியூசனுக்கு நடந்தே போனாள்.

நத்தார்ப் பண்டிகைக்கு முன்னால் கோயில் பங்கு இளைஞர் மன்றம், குடித்துவிட்டு வாகனம் ஓட்டாதீர்கள் என்று ஒரு விளம்பரம் கேட்டது. அவர்களே எழுதியும் கொடுத்தார்கள். பின்னால் வயலின் அழ, ஒரு பிள்ளை "அப்பா, கெதியா வாங்கோ" என்று விம்ம வேண்டும். பெற்றிசியா பிள்ளைக் குரலில் பேசிக் கொடுத்தாள். ஜஸ்ரின் ஊரெல்லாம் போட்டான். கள்ளுத் தவறணை வாசலில் கண் கலங்கினவர்களும் இருந்தார்கள். கலங்கின கண்ணோடு இன்னொரு போத்தல் வாங்கினார்கள். ஜஸ்ரினும் அவர்களோடு இருந்து குடித்துவிட்டு, அதே விளம்பரத்தைப் போட்டபடி வீட்டுக்கு ஓட்டிவந்தான்.

"சனம் அழுதிட்டுது, பெற்றிசியா" என்றான், வாயெல்லாம் மணக்க.

"அழுதிட்டு?"

"அழுதிட்டு என்ன, குடிச்சவங்கள்."

அவள் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். இந்தச் சனம் எதற்கு அசையும் என்று அவளுக்குத் தெரியாதா? புதிதாக ஒன்று பதிந்தாள்.

காலையில் அவள் கொடுத்ததை ஜஸ்ரின் வழக்கம்போலக் கேட்டுப்பாராமலே சந்தையடியில் ஸ்பீக்கரில் போட்டான்.

"மரண அறிவித்தல். பேசாலையைச் சேர்ந்த ஜஸ்ரின் அவர்கள், குடித்துவிட்டு ஓட்டோ ஓட்டியதால் காலமானார். அன்னார் பெற்றிசியாவின் அன்புக் கணவரும், டிலோஜினியின் பாசமிகு தந்தையும், அமிர்தநாயகத்தின் சகோதரருமாவார்."

அவ்வளவுதான். படலைகள் திறந்தன. அண்ணன் அமிர்தநாயகம் சாரத்தைப் பிடித்தபடி, "ஐயோ, என்ர தம்பி!" என்று குழறிக்கொண்டு ஓடிவந்தார். ஓட்டோவுக்குள் தம்பியே குந்தியிருப்பதைக் கண்டு ஸ்பீக்கரையும் அவனையும் மாறிமாறிப் பார்த்தார். பிறகு அவனைக் கட்டிப்பிடித்து, முதுகில் ஓங்கி அறைந்து, சந்தையே பார்க்க அழுதார். அண்ணன் அழுது ஜஸ்ரின் ஒருநாளும் பார்த்ததில்லை.

ஓட்டோவை அங்கேயே விட்டுவிட்டு நடந்து வீட்டுக்கு வந்தான். பெற்றிசியா மீன் வெட்டிக்கொண்டிருந்தாள்.

"உயிரோட இருக்கிறவனுக்கு அறிவித்தல் வாசிச்சிருக்கிறாய், உனக்கென்ன விசரோடி?" கத்தத்தான் வந்தான், அவளுக்குப் பக்கத்தில் குந்திவிட்டான். "நல்லடக்க நேரம் சொல்லேல்லை" என்றான்.

"அது எனக்கெப்பிடித் தெரியும்? நீங்களெல்லோ சொல்லவேணும்" என்றாள் பெற்றிசியா. அன்றைக்குத்தான் அவள் குரல் நடுங்கியது.