மின்ட்சுவும் ஒரு வாளியும்

பாரிசில் குளிர்காலத்தில் சன்னல் கண்ணாடியில் எழுதலாம் என்று ஊரில் இருந்தபோது யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன். வெளியே பனிக்குளிர், உள்ளே ஒரு வகுப்பு நிறைந்த ஆட்களின் மூச்சு. கண்ணாடி முழுக்க ஈரம் பூத்துவிடும், விரல்தான் பேனை. லா ஷப்பலில் தேவாலயத்துக்குச் சொந்தமான மண்டபமொன்றில் எங்களுக்குப் பிரெஞ்சு வகுப்பு நடக்கிறது. போன கிழமை இடைவேளையில் என் பக்கத்து மேசைக்காரர் லிம் அந்தக் கண்ணாடியில் இரண்டு சீன எழுத்துகளை எழுதிக் காட்டினார். அந்த நிமிடத்தில்தான் எனக்குப் பளிச்சென்றது: நாங்கள் ஆர் என்று இந்த ஊருக்குச் சொல்ல முடியாமல் திணறுகிறோமே, அந்தத் திணறல் எங்களுக்கு மட்டும் உரியதல்ல.

அதற்குச் சற்று முன்னால் நடந்ததைச் சொல்ல வேண்டும். பாடம் 'நசியோனலித்தே', ஆங்கிலத்தில் நாஷனாலிட்டி. ஒவ்வொருவராக எழுந்து சொல்ல வேண்டும். நான் எழுந்து "தமூல்" என்றேன், தமிழன். எங்கள் ஆசிரியை மதாம் சிரித்தார். "அது மொழி. நான் கேட்டது நாட்டை. நீங்கள் ஸ்ரீலங்கே." அடுத்தது லிம். ப்னோம் பென்னில் பிறந்தவர், நாற்பது வயதிருக்கும். "ஷினுவா" என்றார், சீனன். மதாம் குழம்பிப்போனார். "ஆனால் நீங்கள் கம்போடியாவில் அல்லவா பிறந்தீர்கள்?" லிம் பொறுமையாகச் சொன்னார்: "கம்போடியாவில் பிறந்தேன், மதாம். கம்போடியாவில் படித்தேன். கம்போடியாவிலிருந்து ஓடி வந்தேன். ஷினுவா." வகுப்பே சிரித்தது. கடைசியாக வூ, பீகிங்கிலிருந்து படிக்க வந்த பெண், "ஷினுவாஸ்" என்றாள், சீனப்பெண். மதாமுக்குப் பெரிய நிம்மதி. ஒருத்தியாவது சரியாகச் சொன்னாள்!

இடைவேளையில் லிம் எழுதிய சொல் 'மின்ட்சு'. மின் என்றால் மக்கள். ட்சு என்ற எழுத்தைப் பிரித்துப் பார்த்தால் ஒரு கொடி, அதன் கீழே ஓர் அம்பு. ஒரே கொடியின் கீழ் அம்பெடுத்தவர்கள் ஒரே குலம். "இதைத்தான் மதாம் கேட்டார் என்று நினைத்தேன்" என்றார் லிம். நானும் அப்படித்தான் நினைத்தேன் என்றேன். எங்கள் மொழியில் அதற்கு 'இனம்' என்போம், அரசியல் பேசும்போது 'தேசிய இனம்' என்போம். மதாமோ கடவுச்சீட்டைக் கேட்டிருக்கிறார்.

வூ தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்துத் திருத்தினாள். அவள் நாட்டில் ஹான், திபெத்தியர், மங்கோலியர், உய்குர் எல்லாரும் ஆளுக்கொரு மின்ட்சுவாம். எல்லாரையும் சேர்த்தாலும் ஒரு மின்ட்சுதானாம்! சின்னதுக்கும் பெரியதுக்கும் எப்படி ஒரே சொல் என்று கேட்டேன். "வீட்டில் நாலு பேரும் குடும்பம்தான், பெரியப்பா சித்தப்பா எல்லாரும் கூடினாலும் குடும்பம்தான்" என்றாள். லிம் விடவில்லை. "பெரிய குடும்பத்தில் சோற்றுப் பானை யார் கையில், மத்மசெல்?" வூ அதைக் கேளாதவள் மாதிரி இருந்துவிட்டு எனக்கு வகுப்பெடுத்தாள். 'ஜூயி' என்றால் வாதம், கொள்கை. 'ஐகுவோ ஜூயி' நாட்டை நேசிப்பது, அது நல்ல சொல், பள்ளிக்கூடத்தில் பரிசு கிடைக்கும். 'மின்ட்சு ஜூயி' கவனமாகப் பாவிக்க வேண்டிய சொல். அன்னியனை எதிர்த்த காலத்தில் அது வீரம். இப்போது சின்ன மின்ட்சு ஒன்று தன்பாட்டில் பேசினால் அது குற்றச்சாட்டு. "பிரெஞ்சில் இரண்டையும் நசியோனலிஸ்ம் என்றுதானே எழுதுகிறார்கள்" என்று சலித்துக்கொண்டாள். லிம் 'நாடு' என்ற எழுத்தைப் பழைய முறையில் எழுதினார்: நாற்புறமும் சுவர், உள்ளே ஒரு வாயும் ஓர் ஈட்டியும். வூ அதன் நடுவை விரலால் அழித்துவிட்டு பச்சைக்கல்லைக் குறிக்கும் எழுத்தை எழுதினாள். இப்போது அப்படித்தானாம்.

"ஈட்டியை எங்கே ஒளித்தீர்கள்?" என்றார் லிம்.

"எழுத இலகுவாக்கினோம், அவ்வளவுதான்" என்றாள் வூ.

எனக்குத் தலைகால் தெரியாத சந்தோசம். பேராதனைப் பல்கலைக்கழகத்தில் இரண்டாம் வருடத்தோடு நின்றவன் நான், இப்படி ஒரு விசயம் அகப்பட்டால் விடுவேனா? மின்ட்சு என்ற சொல்லின் இந்தப் பொருளே யப்பானிலிருந்து வந்ததாம். எங்கள் 'தேசியம்' மட்டும் என்னவாம், 'தேசம்' வடசொல். இன்னொன்றும் உறைத்தது. சிங்களத்தில் 'ஜாதிய' என்றால் இனமும் அதுதான், தேசமும் அதுதான். அதே சொல் எங்கள் வாய்க்கு வந்தால் சாதி. ஒரே தீவில் ஒரே சொல்லை வைத்துக்கொண்டு அவர்கள் எல்லாரையும் ஒன்றாக்கப் பார்க்கிறார்கள், நாங்கள் எங்களுக்குள்ளேயே பிரிந்து நிற்கிறோம்.

இதெல்லாம் எனக்கு வெறும் சொல் விளையாட்டு அல்ல. புறநகரான கார்ஜ் லே கொனெஸில் என்னோடு அறையில் இருக்கும் அந்தோனி அண்ணை மன்னார்க்காரர், கார் து நோர் ரயில் நிலையத்துக்குப் பக்கத்து உணவகமொன்றில் கோப்பை கழுவுகிறார். அவருடைய அகதி விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டுவிட்டது. 'தமிழ்த் தேசிய இனத்தைச் சேர்ந்தவன் என்பதால் துன்புறுத்தப்பட்டேன்' என்று அவர் சொன்னதை, பிரெஞ்சாக்கியவர் 'தமூல் நசியோனலித்தே' என்று எழுதிவிட்டார். அப்படி ஒரு நாட்டுரிமை உலகத்தில் இல்லை என்று பதில் வந்தது. இப்போது மேல்முறையீடு. அதுவும் போனால் அவர் இந்த நாட்டை விட்டு வெளிக்கிட வேண்டியதுதான். மனைவியும் இரண்டு பெண்பிள்ளைகளும் இவர் கூப்பிடுவார் என்று மன்னாரில் காத்திருக்கிறார்கள். விசாரணையில் என் அரைகுறைப் பிரெஞ்சில் அவருக்காக மொழிபெயர்க்கப் போகிறவன் நான்.

அன்று ரயிலில் அவருக்கு மின்ட்சுவை விளக்கினேன். கொடி, அம்பு, சுவர், பச்சைக்கல் ஒன்றையும் விடவில்லை. நீதிபதிக்கு முன்னால் இதையே விரித்துச் சொன்னால், 'நசியோனலித்தே' என்பதற்கு நாடு என்று மட்டும் பொருள் இல்லை என்று விளங்கிவிடும் என்றேன்.

"சீனாக்காரன்ரை எழுத்தைக் காட்டி எனக்கு விசா எடுக்கப் போறியோ, தம்பி?" என்றார்.

"அண்ணை, பகிடி விடாதேங்கோ. நாங்கள் ஒரு மின்ட்சு. அதை நிரூபிச்சால் காணும்."

"சரி. எங்கட பக்கத்து வீட்டு முஸ்லிம் ஆக்களும் தமிழ்தான் கதைக்கினம். அவை உன்ரை மின்ட்சுவுக்குள்ளையோ, வெளியிலையோ?"

லிம் கேட்ட சோற்றுப் பானைக் கேள்வி, இப்போது எங்கள் குடும்பத்தைப் பற்றியதாகத் திரும்பி வந்து என் முன்னால் இருந்தது. அண்ணை என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"உனக்கே தெரியாது, அந்த நீதிபதி பாவம். எண்பத்திமூண்டிலை கொழும்பிலை கடையிலை நிண்டனான் எல்லே. அவங்கள் உதொண்டும் கேக்கேல்லை. பஸ்ஸை மறிச்சு ஒரு வாளியைத் தூக்கிக் காட்டி, இது என்ன எண்டு கேட்டாங்கள்."

ஊரில் உள்ளவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்: எண்பத்துமூன்று கலவரத்தில் கொல்வதற்குத் தமிழரைக் கண்டுபிடிக்கச் சிங்களக் காடையர்கள் வைத்த சோதனை அது. வாளிக்குச் சிங்களத்தில் 'பால்திய'. முதல் ஒலி தமிழ் 'ப' அல்ல, தொண்டையில் அதிரும் ஒலி, அதை எங்கள் எழுத்தில் எழுதவும் முடியாது. தமிழர் பலருக்கு அது 'வால்திய' என்றுதான் வரும். அண்ணைக்குக் கடைப் பழக்கத்தில் சரியாக வந்தது. அவரோடு வேலை செய்த பொடியனுக்கு வரவில்லை.

"நான் இறங்கி நடந்தன். திரும்பிப் பாக்கேல்லை" என்றார்.

கார்ஜில் இறங்கும்போது கேட்டேன்: "அண்ணை, இதை ஏன் முதல் விண்ணப்பத்திலை சொல்லேல்லை?"

"ஆர் கேட்டது? என்ன இனம் எண்டு கேட்டினம். சொன்னன்."

நேற்று வகுப்பில் லிம்மிடம் இந்தக் கதையைச் சொன்னேன். அவர் கண்ணாடியில் எதையும் எழுதவில்லை. ப்னோம் பென்னை விட்டுத் துரத்தப்பட்டபின் வயலில் வேலை செய்த காலத்தில், சீனம் பேசிப் பிடிபட்டால் உயிர் போகும் என்பதால், தூக்கத்தில் பேசிவிடுவேனோ என்று பயந்து வாயில் துணியைக் கட்டிக்கொண்டு படுத்ததாகச் சொன்னார். வூவும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

மின்ட்சுவை நான் கைவிடவில்லை. அதைப் பற்றி நீளமாக எழுதத்தான் போகிறேன், முஸ்லிம் வீட்டுக் கேள்விக்கும் அதில் பதில் தேட வேண்டும். ஆனால் வருகிற செவ்வாய்க்கிழமை நீதிபதிக்கு முன்னால் 'தேசிய இனம்' என்ற சொல்லை மொழிபெயர்க்கப் போவதில்லை என்று முடிவு செய்திருக்கிறேன். நசியோனலித்தே என்ன என்று கேட்டால் அண்ணை "ஸ்ரீலங்கே" என்பார், மதாம் சொல்லித்தந்தபடி. பிறகு நான் அவரிடம், "அண்ணை, அந்த வாளியைப் பற்றிச் சொல்லுங்கோ" என்பேன். பிரெஞ்சில் அதற்கு 'ஸோ' என்பார்கள், அவர் தினமும் உணவகத்தில் தூக்கிச் சுமக்கிற அதே சாமான். அவர் அந்தச் சிங்களச் சொல்லை அன்று சொன்ன மாதிரியே சரியாகச் சொல்ல வேண்டும். நான் அதை 'ஸோ' ஆக்க வேண்டும். நடுவில் நிற்கிற தமிழ் 'வாளி' அந்த அறையில் எங்கள் இரண்டு பேருக்கு மட்டும்தான் கேட்கும்.