மழை மோடில் வைத்த கார்

போன வருஷம் சித்திரை மாதம். மண்டையைப் பிளக்கும் வெயில். பெங்களூரில் வேலை பார்க்கும் என் தம்பி, தான் வாங்கிய காரை ஓட்டிக்கொண்டு திருச்சிக்கு வந்திருந்தான். நாங்கள் இருப்பது கைலாசபுரத்தில். என் கணவருக்குத் தொழிற்சாலையில் வேலை. அம்மா எங்களோடு இருக்கிறார். காருக்குப் பூஜை போட்டே ஆக வேண்டும், அதுவும் தான் பிறந்து வளர்ந்த ஸ்ரீரங்கத்துப் பிள்ளையார் கோயிலில்தான் போட வேண்டும் என்று அம்மா ஒற்றைக் காலில் நின்றார்.

கார் என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டேன். அது ரேஸில் ஓடுகிற ஜாதி. இரண்டே சீட். தரையோடு தரையாகப் படுத்திருக்கும். ஸ்டார்ட் செய்தால் எதிர்வீட்டு ஜன்னல் அதிரும். யாரோ ஆண்டு அனுபவித்த வண்டிதான், ஆனாலும் என் தம்பிக்கு அது தங்கத்தேர். சின்ன வயதில் நோட்டு அட்டையிலெல்லாம் கார் படம் ஒட்டிக்கொண்டு திரிந்தவன், நாற்பது வயதில் ஒன்றை நிஜமாகவே வாங்கிவிட்டான்.

நானோ பயந்தாங்கொள்ளி. பஸ்ஸில்கூட முன் சீட்டில் உட்கார மாட்டேன், எதிரே வரும் லாரி தெரியும் என்பதால். அது தெரிந்துதான் அவன் காலையிலேயே எனக்குப் பாடம் எடுத்தான். ஸ்டீயரிங்கில் ஒரு குமிழ் இருக்கிறது. அதைத் திருப்பினால் மழை, சாதாரண ரோடு, ஸ்போர்ட், ரேஸ் என்று மோடு மாறும். டயர் வழுக்கினால் கார் தானே கண்டுபிடித்து, என்ஜின் வேகத்தை அடக்கி, எந்தச் சக்கரத்துக்கு பிரேக் தேவையோ அதற்கு மட்டும் பிடித்து வண்டியை நேராக்கிவிடுமாம். மழை மோடில் ரொம்ப ஜாக்கிரதையாக இருக்கும். ரேஸ் மோடில் கொஞ்சம் விளையாட விடும். நடுவில் உள்ள பொத்தானைச் சிறிது நேரம் அழுத்திப் பிடித்தால் எல்லாக் காவலும் போய்விடும்.

“அதை எதுக்குடா வச்சிருக்கான்?” என்று கேட்டேன்.

“ரேஸ் டிராக்ல ஓட்டுறவங்களுக்குக்கா. நமக்கு அது வேண்டாம். நான் ஊருக்குள்ள மழை மோட்லதான் ஓட்டுவேன். நீ தைரியமா உட்காரு” என்றான்.

சாயங்காலம் கோயில் நடை திறந்ததும் பூஜை. குருக்கள் தேங்காய் சுற்றி உடைத்தார், கற்பூரம் காட்டினார். நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து, தம்பி வண்டியை மெதுவாக முன்னால் நகர்த்திப் பழங்களை நசுக்கினான். வேடிக்கை பார்க்க ஒரு கூட்டமே சேர்ந்துவிட்டது.

அம்மாவுக்கு அது போதவில்லை. ஸ்டீயரிங்குக்குத் தன் கையால் பொட்டு வைக்க வேண்டும் என்றார். நானும் என் கணவரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து அவரை அந்தப் பள்ளத்துச் சீட்டில் இறக்கினோம். தம்பி ஏசிக்காக என்ஜினை அணைக்கவில்லை. அம்மாவுக்குக் கை கொஞ்சம் நடுங்கும். நடுங்காமல் இருக்க விரலை நன்றாக ஊன்றி, நிறுத்தி, ஒவ்வொரு பொட்டாகச் சந்தனம் வைத்தார், அதன்மேல் குங்குமம். கோயிலுக்குள் மணி அடித்துக்கொண்டிருந்தது. கடைசியில் தலையிலிருந்த மல்லிகைச் சரத்தில் பாதியைக் கிள்ளி, மீட்டர்களுக்கு மேலே தொங்கவிட்டார். பொட்டையும் பூவையும் வீடு போய்ச் சேரும்வரை கலைக்கக் கூடாது என்று உத்தரவு வேறு.

திரும்பும்போது அம்மா என் கணவரின் காரில் ஏறிக்கொண்டார். அந்தச் சீட்டில் உட்கார்ந்து எழுந்ததிலேயே முட்டி போய்விட்டதாம். நான் தம்பியோடு ஏறினேன்.

பைபாஸில் காவிரிப் பாலம் ஏறும்போது கிழக்கே இருட்டிக்கொண்டு வந்தது. பாலம் இறங்குவதற்குள் சடசடவென்று பிடித்துக்கொண்டது மழை. மாதக்கணக்கில் காய்ந்து கிடந்த ரோடு, எண்ணெயும் புழுதியுமாக வழவழவென்று மினுங்கியது. அப்போது பூச்சரத்துக்கு நடுவே மஞ்சளாக ஏதோ எரிவதைப் பார்த்தேன்.

“என்னமோ லைட்டு எரியுதுடா.”

“சீட் பெல்ட்டா இருக்கும். நீ ஒழுங்கா மாட்டுனியா பாரு.”

மாட்டித்தான் இருந்தேன். இருந்தாலும் கழற்றி இன்னொரு தடவை மாட்டினேன். அவனுக்கும் ரோட்டிலிருந்து கண்ணெடுக்க முடியாத மழை.

அரியமங்கலத்துக்குக் கொஞ்சம் முன்னால், எங்களுக்கு முன்னே போன லாரி வேகம் குறைத்தது. அதைத் தாண்டிப் போனவன், பழையபடி இடது பக்கத்துக்கு வர ஸ்டீயரிங்கை ஒடித்து, கொஞ்சம்தான் ஆக்ஸிலரேட்டரை மிதித்தான். சத்தியமாகச் சொல்கிறேன், அவன் வேகமாகப் போகவில்லை. ஆனால் எனக்குக் கீழே இருந்த சீட்டை யாரோ உருவியது போல இருந்தது. காரின் பின்பக்கம் தனியாகக் கிளம்பிவிட்டது. அவன் பதறி எதிர்ப்பக்கம் ஒடிக்க, கார் வலப்பக்கமாகச் சுழன்றது. முன்கண்ணாடியில் நடுச்சுவர் தெரிந்தது. ரோட்டோரம் என் பக்கத்து ஜன்னலில் தெரிந்தது. நாங்கள் குறுக்குவாட்டில் வழுக்கிக்கொண்டிருந்தோம்.

அந்த ஜன்னலில்தான் அவர்களைப் பார்த்தேன். ரோட்டோர மண்ணில் ஒரு ஸ்கூட்டர். அதன் பின்னால் ஒரு பெண், நாலைந்து வயதுப் பெண் குழந்தைக்கு நீல நிற மழைக்கோட்டு மாட்டிக்கொண்டிருந்தாள். குழந்தையின் தலை இன்னும் வெளியே வரவில்லை. இரண்டு கையும் மேலே தூக்கியபடி கோட்டுக்குள் திணறிக்கொண்டிருந்தது. அந்தப் பெண் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். நேராக என் கண்ணை. ஓடுவதற்கு நேரமில்லை என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. குழந்தையைக் கட்டிக்கொண்டு எங்களுக்கு முதுகைக் காட்டினாள்.

நான் கத்தினேனா என்று தெரியவில்லை. தம்பி “வா, வா, வா” என்று காரைப் பார்த்துக் கெஞ்சியது மட்டும் காதில் இருக்கிறது. அந்த நீலக் கோட்டு பெரிதாகிக்கொண்டே வந்தது. கண்ணை மூட நினைத்தேன், மூட முடியவில்லை. அந்தக் குழந்தையை நாங்கள் கொல்லப் போகிறோம் என்று முழுசாக நம்பினேன்.

சக்கரம் ஓர மண்ணில் ஏறியது. சேறு கண்ணாடியில் அடித்தது. கார் ஒரு குலுக்குக் குலுக்கி நின்றது.

இறங்கி ஓட வேண்டும் என்று கதவைத் தள்ளினேன். கதவு திறக்கவில்லை. ஸ்கூட்டர் கதவை ஒட்டிக்கொண்டு நின்றது. அதன் மறுபக்கம் அவர்கள். ஜன்னலை இறக்கினேன். அவள் மெல்லத் திரும்பினாள். முகத்தில் ரத்தமே இல்லை. திட்டுவாள், அறைவாள் என்று எதிர்பார்த்தேன். வாங்கிக்கொள்ளத் தயாராகவும் இருந்தேன்.

“எங்களப் பார்த்தீங்களா, பார்க்கலையா?” என்று கேட்டாள். சத்தமே வரவில்லை அவளுக்கு.

“பார்த்தோம்மா” என்றேன்.

“பார்த்துட்டுமா?”

அதற்குள் மழைக்கோட்டிலிருந்து குழந்தையின் தலை வெளியே வந்தது. “அம்மா, கார் பாரும்மா, பூவெல்லாம் வச்சிருக்காங்க” என்றது. அதைக் கேட்டதும் அவள் அப்படியே மண்ணில் உட்கார்ந்து அழ ஆரம்பித்தாள். தம்பி அந்தப் பக்கமாக இறங்கி ஓடி, ஓடும் தண்ணீரிலேயே அவள் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, “மன்னிச்சிடுங்க, மன்னிச்சிடுங்க” என்று சொல்லிக்கொண்டே இருந்தான். அவள் அவனை ஏறிட்டே பார்க்கவில்லை. கொஞ்ச நேரத்தில் எழுந்து, குழந்தையை முன்னால் நிற்க வைத்து, ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். எங்கே போகிறாள், பெயர் என்ன என்றுகூட நாங்கள் கேட்கவில்லை.

தம்பி தொப்பலாக நனைந்து உள்ளே வந்தான். “மழை மோட்லதானேக்கா இருக்கு” என்று புலம்பிக்கொண்டே பூச்சரத்தை விலக்கினான். உள்ளே அந்த மஞ்சள் விளக்கு. வழுக்கும் கார் படத்துக்குக் கீழே ‘ஆஃப்’ என்று எரிந்துகொண்டிருந்தது. அவன் பார்வை குமிழுக்குப் போனது. குமிழ் மழையில்தான் இருந்தது. ஆனால் அதன் நடுப்பொத்தானில், வட்டமாக, அழகாக, சந்தனமும் குங்குமமும். ஊன்றி வைத்த விரலின் ரேகைகூடத் தெரிந்தது. எல்லாக் காவலையும் அம்மா அணைத்துவிட்டிருந்தார், எங்களுக்கு ஒன்றும் ஆகக் கூடாது என்று வேண்டிக்கொண்டே.

பின்னால் வந்த என் கணவரின் கார் பக்கத்தில் நின்றது. அம்மா ஜன்னலை இறக்கினார்.

“என்னப்பா ஆச்சு? ஏன் இப்படிக் கோணலா நிக்குது?”

“கொஞ்சம் வழுக்கிருச்சும்மா. ஒண்ணும் இல்ல” என்றான் தம்பி.

அம்மா ஸ்ரீரங்கம் பக்கம் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். “நல்லவேளை, பொட்டு வச்சு அனுப்பினேன். அதான் காப்பாத்துச்சு” என்றார்.

தம்பி என்னைப் பார்த்தான். நான் மழையைப் பார்த்தேன். இன்றுவரை நாங்கள் அவரிடம் சொல்லவில்லை, சொல்லப் போவதுமில்லை. அவன் காரை விற்கவில்லை. ஆனால் இப்போது என்ஜினை அணைத்துச் சாவியைப் பையில் போட்ட பிறகுதான் யாரையும் கிட்டே விடுகிறான். கிளம்பும் முன் எல்லா விளக்கையும் ஒருமுறை உற்றுப் பார்க்கிறான்.

எனக்குத்தான் பழைய தைரியம் திரும்பவில்லை. இருந்த தைரியமே கொஞ்சம்தான். ரோட்டோரம் பஸ்ஸுக்கு நிற்கும்போது வேகமாக ஒரு வண்டி வந்தால், நம்மைப் பார்த்திருப்பார்கள் என்ற நம்பிக்கையில்தான் எல்லோரும் நிற்கிறோம். பார்த்திருப்பார்கள்தான், ஆனால் பார்த்துக்கொண்டே வந்தவள் நான் என்பதால், இப்போதெல்லாம் இரண்டடி பின்னால் தள்ளித்தான் நிற்கிறேன்.