காயாத பரண்

கட்டட வேலை நடக்கும் இடங்களில் என் அண்ணிக்கு 'தேதி மேடம்' என்று பெயர். யார் எதைச் சொன்னாலும் அவள் கேட்பது ஒன்றுதான்: எந்தத் தேதியில்? மணல் வந்துவிடும் என்றால் எந்தத் தேதியில், வரைபடம் தயாராகிவிடும் என்றால் எந்தத் தேதியில். ஒரு கட்டடத்தை முதல் யோசனையிலிருந்து சாவி கை மாறும் வரை நடத்திக் கொடுக்கும் மேலாளர் அவள். கல் தூக்க மாட்டாள், பூச்சுக் கரண்டி பிடிக்க மாட்டாள். ஆனால் அவள் தலை தெரிந்தால் கல் தூக்குகிறவர்கள் கொஞ்சம் வேகமாகத் தூக்குவார்கள்.

அண்ணன் அவளை முதன்முதலாக வீட்டுக்கு அழைத்து வந்த அன்று எங்கள் அடுப்படிக் கதவு அவள் நெற்றியில் இடித்தது. அதில் விசேஷம் ஒன்றும் இல்லை, அது எல்லோரையும் இடிக்கும். அப்பா இருந்தபோது ஒரு மேஸ்திரியிடம் வாய்வார்த்தையாகச் சொல்லிக் கட்டிய வீடு எங்களுடையது. கதவு நன்றாக அகலமாகத் திறக்க வேண்டும் என்று அப்பா சொன்னார், மேஸ்திரி தலையாட்டினார். எந்தப் பக்கம் திறக்க வேண்டும் என்று இருவரும் பேசிக்கொள்ளவில்லை. அதனால் அது கூடத்துப் பக்கம் திறந்து, அங்கே நிற்கிறவரின் நெற்றியைப் பதம் பார்க்கும். அண்ணி நெற்றியைத் தேய்த்துக்கொண்டே, "இதுக்கு வரைபடம் போட்டது யாரு?" என்று கேட்டாள். அம்மா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு தேநீர் கொடுத்தாள். எனக்கு அந்த நிமிஷமே அண்ணியைப் பிடித்துப் போயிற்று. அதை அம்மாவிடம் சொல்லும் தைரியம்தான் இல்லை.

கல்யாணத்துக்குப் பிறகு அவர்கள் ஊரின் மறுகோடியில் வாடகைக்குக் குடியிருந்தார்கள். நான் என் கணவரோடு அம்மா வீட்டுக்கு அடுத்த தெருவில். அம்மா மட்டும் அந்த வீட்டில் தனியாக, கதவோடு சண்டை போட்டுக்கொண்டு. ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லோரையும் உட்காரவைத்து, மாடி கட்டப் போகிறேன், நீங்கள் இருவரும் வந்து இருங்கள் என்று அண்ணனிடம் அறிவித்தாள். அண்ணன் வழக்கம்போல அண்ணியைப் பார்த்தான். அண்ணி, கட்ட முடியுமா என்று முதலில் பார்த்துவிடலாம் என்றாள்.

வேறு மருமகள் என்றால் 'ரொம்ப சந்தோஷம் அத்தை' என்று சொல்லிவிட்டு அறைக்குள் போய் அழுதிருப்பாள், அல்லது சிரித்திருப்பாள். இவள் கொல்லைப்பக்க மூலையில் குழி தோண்டச் சொல்லி அஸ்திவாரத்தின் ஆழத்தை அளந்தாள். நகராட்சிக்குப் போய் எவ்வளவு உயரம் கட்டலாம் என்று விசாரித்தாள். தண்ணீர்த் தொட்டியின் பாரத்தைத் தூண்கள் தாங்குமா என்று ஒரு பொறியாளரைக் கூட்டிவந்து தட்டிப் பார்க்கச் சொன்னாள். எல்லாம் முடிந்ததும் அம்மா எதிரில் வந்து உட்கார்ந்தாள்.

"அத்தை, அஸ்திவாரம் தாங்கும். அனுமதியும் கிடைக்கும். ஒண்ணுதான் இடிக்குது. ஆத்துப் பாலம் வேலைக்கு எழுதிப் போட்டிருக்கேன். கிடைச்சா நாங்க வெளியூர் போயிடுவோம். அப்புறம் மாடி யாருக்கு?"

பூசி மெழுகும் பேச்சு அவளிடம் கிடையாது. அண்ணன் கூரையைப் பார்த்தான். அம்மா அசரவில்லை. பாலம் வரும்போது வரட்டும், நீ மாடியைக் கட்டு என்று சொல்லிவிட்டாள். முடிவெடுத்துவிட்டுப் பிறகு முடியுமா என்று கேட்கிறவர்கள்தான் தன் தொழிலில் பாதிப் பேர் என்று அண்ணி பின்னால் என்னிடம் சொல்லிச் சிரித்தாள். அந்தப் பாலம் அவளுக்கு எவ்வளவு முக்கியம் என்பதும் அன்றுதான் தெரிந்தது. வீடுகளும் கடைகளும் கட்டிக் கட்டி அலுத்துப் போய், ஒரு பாலத்துக்காகப் பல வருஷம் காத்திருந்தவள் அவள்.

அடுத்து, யார் எப்படிக் கட்டுவது என்ற பேச்சு. தினக்கூலிக்கு ஆள் வைத்து நாமே பக்கத்தில் நின்று கட்டலாம். அது அப்பாவின் வழி, அதன் பலன் அடுப்படியில் தொங்கிக்கொண்டிருக்கிறது. வரைபடம் முதல் வெள்ளையடிப்பு வரை ஒருவரிடமே விட்டுவிட்டுக் கடைசியில் சாவியை வாங்கிக்கொள்ளலாம். தலைவலி குறைவு, நம் பிடியும் குறைவு. இல்லையென்றால் வரைபடத்தை நாமே முழுசாக முடித்துவிட்டு, அதை வைத்து ஓர் ஒப்பந்தக்காரரைப் பிடிக்கலாம். அம்மாவுக்கு மூன்றாவதுதான் பிடித்தது. கட்டுவதற்கு முன்னாலேயே குறை சொல்ல ஒரு வரைபடம் கிடைக்கும் அல்லவா.

அப்படி வந்து சேர்ந்தவர் 'ஆச்சு'. அவருக்கு நிஜப் பெயர் ஒன்று இருந்தது, யாரும் அதை உபயோகிக்கவில்லை. சுவர் பூசியாயிற்றா என்றால் "ஆச்சு மேடம்" என்பார். மேலே போய்ப் பார்த்தால் மணல் சலித்துக்கொண்டிருப்பார்கள். பொய் சொல்கிற மனுஷர் இல்லை. மனசுக்குள் முடித்துவிடுவார், கைதான் பின்னால் வரும். முந்தைய கட்டடங்களில் அவரோடு மாரடித்த அனுபவத்தில்தான் அண்ணி ஒப்பந்தத்தில் 'முடிந்தது என்றால் என்ன' என்பதற்குத் தனியாக ஒரு பத்தி எழுதினாள்.

ஆம், ஒப்பந்தம். நமக்குள் எதற்கு இதெல்லாம் என்று அண்ணன் நெளிந்தான். நமக்குள்தான் முக்கியமாக வேண்டும் என்றாள் அண்ணி. அம்மா சொன்னால் மட்டுமே வேலை, வேறு யார் வாய்க்கும் மதிப்பில்லை. அம்மா எதையாவது மாற்றச் சொன்னால் அதற்கு எத்தனை நாள் கூடுதலாகும் என்று அண்ணி எழுதிக் காட்ட வேண்டும், அம்மா அதில் கையெழுத்துப் போட்ட பிறகுதான் ஆச்சு கை வைப்பார். கடைசியில் மூவரும் சுற்றிப் பார்த்து அம்மா கையெழுத்திட்டால்தான் வேலை முடிந்ததாக அர்த்தம். அதற்குப் பிறகும் ஒரு வருஷத்துக்கு ஏதாவது கோளாறு என்றால் அண்ணி நேரில் வந்து சரி செய்து தர வேண்டும். மாத்திரை டப்பாவுக்குள் மடித்து வைத்திருக்கும் தாளைக்கூட ஒரு வரி விடாமல் படிக்கிறவள் என் அம்மா. ஒப்பந்தத்தை இரண்டு முறை படித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டாள்.

வேலை ஆரம்பித்ததும் நான் சும்மா இல்லாமல், தெருப்பக்க ஜன்னலை இன்னும் கொஞ்சம் அகலமாக வைக்கும்படி ஆச்சுவிடம் சொன்னேன். ஆச்சு என்றார். மறுநாள் அண்ணி என்னைக் கூப்பிட்டு, ஒப்பந்தப்படி நான் வேடிக்கை பார்க்கிறவள் என்பதை மிகுந்த மரியாதையோடு நினைவுபடுத்தினாள். பிறந்த வீட்டில் ஒரு ஜன்னலுக்குக்கூட எனக்கு உரிமை இல்லையா என்று நான் அந்த வாரம் முழுக்க முகம் கொடுத்துப் பேசவில்லை. யாரும் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை.

சனிக்கிழமைதோறும் கூட்டம். அண்ணி வைத்த வழக்கம்தான் அது. கட்டச் சொன்னவரும் கட்டுகிறவரும் வாரம் ஒரு முறை உட்கார்ந்து பேச வேண்டுமாம். அம்மா காலையிலேயே தலைவாரி, மூக்குக் கண்ணாடியைத் துடைத்து, கூடத்து மேஜை முன்னால் தயாராக இருப்பாள். தரை ஓடு ஏன் இந்த நிறம், குழாய் ஏன் அந்தச் சுவரில் என்று அம்மாவும் அண்ணியும் வெட்டு ஒன்று துண்டு இரண்டாகப் பேசுவார்கள். ஆச்சு நடுவில் உட்கார்ந்து பிஸ்கட் தின்பார். சில சனிக்கிழமைகளில் அம்மா ஜெயிப்பாள், பல சனிக்கிழமைகளில் அண்ணி. நான் அடுத்த தெருவிலிருந்து வந்தால் என்னை 'வா' என்று சொல்லக்கூட அம்மாவுக்கு நேரமிருக்காது.

மாடி எழும்பியது. கூரை போட்டு, பூசி, தரைக்கு ஓடு பதித்து, கதவு மாட்ட வேண்டியதுதான் பாக்கி என்ற நேரத்தில் பாலம் வந்தது. அடுத்த மாதம் முதல் தேதி அண்ணி அங்கே இருக்க வேண்டும், இல்லையென்றால் அந்த இடம் வேறொருவருக்குப் போய்விடும். அண்ணி சந்தோஷத்தில் அண்ணனின் தோளில் ஒரு அடி வைத்தாள். ஒப்படைப்பை முடித்துவிட்டுக் கிளம்புவதாகச் சொன்னாள். வேலையைப் பாதியில் விட்டுப் போகும் பழக்கம் அவளுக்கு இல்லை. அது அம்மாவுக்கும் தெரியும்.

அந்த வாரத்திலிருந்து அம்மாவுக்கு மாடியில் எதுவுமே பிடிக்கவில்லை. கைகழுவும் தொட்டியை எதிர்ச் சுவருக்கு மாற்றச் சொன்னாள். மாற்றியதும், பழைய இடமே தேவலை என்றாள். ஜன்னல் கதவு உள்ளே திறக்க வேண்டும் என்றாள், பிறகு வெளியே. எல்லாம் முறைப்படி, கையெழுத்தோடு. எத்தனை நாள் கூடும் என்ற இடத்தை மட்டும் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு கவனமாகப் படிப்பாள். அண்ணிக்குத் தலைகால் புரியவில்லை. பணத்தை மிச்சம் பிடிக்க மாற்றுகிறவர்களைப் பார்த்திருக்கிறாள், பக்கத்து வீட்டைப் பார்த்து மாற்றுகிறவர்களைப் பார்த்திருக்கிறாள். இது எந்த ரகம் என்று தெரியவில்லை. பிறகு ஒரு சனிக்கிழமை அம்மா பரண் வேண்டும் என்றாள். பலகைப் பரண் கூடாது, கான்கிரீட் பரண்.

குட்டை உடைத்தவர் ஆச்சு. வாசலில் என்னைப் பிடித்து ஆச்சரியத்தோடு சொன்னார்.

"உங்கம்மா என்னைக் கூப்பிட்டு, எது காயறதுக்கு ரொம்ப நாள் ஆகும்னு கேட்டாங்க. கான்கிரீட்தாம்மா, தினம் நனைக்கணும், பலகை பிரிக்கவே நாளாகும்னு சொன்னேன். அந்தச் சனிக்கிழமையே பரண் கேட்டுட்டாங்க."

நான் மாடிக்கு ஏறினேன். பலகையெல்லாம் பிரித்து, இரும்பு மாதிரி இறுகிக் கிடந்த பரணுக்கு ஸ்டூல் மேல் நின்று அம்மா செம்பால் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்தும் நிறுத்தவில்லை. எனக்குச் சிரிப்பும் வந்தது, கோபமும் வந்தது. நான் அடுத்த தெருவிலேயே இருக்கிறேனே, என்னை ஆளாகவே சேர்க்கவில்லையா என்று கேட்டுவிட்டேன்.

"நீ நான் சொன்னதுக்கெல்லாம் சரிம்மாங்கறே. உங்கண்ணனும் அதேதான். அவ ஒருத்திதான் எதிர்ல உட்கார்ந்து முடியாதுங்கறா. சனிக்கிழமை வந்தா எனக்கு எழுந்திருக்கவே ஆசையா இருக்கு."

எனக்கு வலித்தது. ஆனாலும் செம்பை வாங்கி நிரப்பிக் கொடுத்தேன். அண்ணியிடம் சொல்லவில்லை. வேடிக்கை பார்க்கிறவள்தானே நான்.

அண்ணி அப்படி ஏமாறுகிறவள் இல்லை. மாதக் கடைசியில் ஒப்படைப்புச் சுற்று நடந்தது. அம்மா முன்னால் போக, அண்ணியும் ஆச்சுவும் பின்னால். தாழ்ப்பாள் இறுக்கம், சுவரில் விரல் தடம், பரணில் ஈரம் என்று அம்மா வரிசையாகச் சொல்லிக்கொண்டே போனாள். அண்ணி பரணைத் தொட்டுப் பார்த்தாள். அதன் கீழே, யாரோ எடுக்க மறந்த செம்பையும் பார்த்தாள்.

"கையெழுத்து போட்டா நான் போயிடுவேன், அதானே அத்தை?"

"ஆமா" என்றாள் அம்மா. பிறகு அம்மா தானாகவே பேனாவை எடுத்தாள். பாலம் பெரிய வேலை, போய்விட்டு வா என்றாள். போடுவதற்கு முன்னால் ஒன்றே ஒன்றை மட்டும் கேட்டாள்.

"முடிஞ்ச பிறகும் கோளாறுன்னா நீ வரணும்னு போட்டிருக்கே. ஒரு வருஷம்னு. அது பத்தாது."

ஒப்பந்தத்தில் ஒரு நாளைக்கூட யாருக்கும் விட்டுக்கொடுத்தவள் இல்லை அண்ணி. எவ்வளவு வேண்டும் என்று கேட்டாள். அம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அண்ணி 'ஒரு வருஷம்' என்பதை அடித்தாள். 'முடியும் தேதி' என்று எழுதினாள். எதிரே ஒன்றும் எழுதாமல் கீழே கையெழுத்துப் போட்டு, அம்மாவிடம் நீட்டினாள். எட்டிப் பார்த்த ஆச்சுவுக்குத் தாங்கவில்லை. மேடம், தேதி போடவில்லையே என்று எடுத்துக் கொடுத்தார்.

"அதெல்லாம் ஆச்சு" என்றாள் அண்ணி.

அவர்கள் பாலத்துக்குப் போனார்கள். மாடி பூட்டிக் கிடந்தது. அம்மா அடக்கத்தோடு ஒரு மாதம் பொறுத்தாள். பிறகு மாடிக் குழாய் சொட்டுகிறது என்று ஃபோன் போட்டாள். சனிக்கிழமை காலை அண்ணி பேருந்தில் வந்து இறங்கினாள். நானும் கூடவே மாடிக்குப் போனேன். குழாயில் ஒரு கோளாறும் இல்லை, சரியாக மூடவில்லை, அவ்வளவுதான். அண்ணி அதை ஒரு விரலால் மூடினாள். பிறகு பையிலிருந்து ஸ்பேனரை எடுத்து, அங்கே இறுக்கி, இங்கே தட்டி, வெகுநேரம் உழைத்தாள். அதன் பிறகு அம்மாவும் அண்ணியும் கீழே கூடத்து மேஜையில் உட்கார்ந்து சாயங்காலம் வரை வாதாடினார்கள். அடுப்படிக் கதவைத் திருப்பி மாட்ட வேண்டும் என்றாள் அண்ணி. அது ஒப்பந்தத்தில் இல்லை என்றாள் அம்மா.

கிளம்பும்போது அண்ணி செருப்பை மாட்டிக்கொண்டே, ரொம்பக் கவலையான முகத்தோடு சொன்னாள்.

"அடுத்த மாசம் அந்த ஜன்னல் தாழ்ப்பாள் தகராறு பண்ணும்னு தோணுது அத்தை."

அம்மா மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு சுவர் நாள்காட்டியிடம் போனாள்.

"எந்தத் தேதியில?" என்று கேட்டாள்.