உடம்புக்கு ஒன்றுமில்லை

கல்மண்டபத்தில் நான் குடியிருக்கும் வீட்டின் சொந்தக்காரர் டிரெய்லர் ஓட்டுகிறவர். எண்ணூரிலிருந்து துறைமுகத்துக்கு கன்டெய்னர் அடிப்பார். அவருடைய ஒரே மகள் பயணிகள் விமானத்தில் துணை பைலட். போன வருடம் ஒரு நாள் காலை அவர் மாடியேறி வந்தார்.

"சார், ஒரு லீவ் லெட்டர் எழுதிக் குடு. பாப்பாவுக்கு வயித்து வலின்னு போடு."

பாப்பா கீழே தோசை தின்றுகொண்டிருந்ததை அப்போதுதான் பார்த்திருந்தேன்.

வேறொரு விமான நிறுவனத்தில் பைலட்டுகள் வேலைநிறுத்தம். அங்கே நின்றுபோன பயணிகளை ஏற்றிக்கொள்ள இவளுடைய நிறுவனம் கூடுதல் விமானங்கள் விட்டது. அன்று மதியம் அதில் ஒன்று இவளுக்கு. ஓட்ட மாட்டேன் என்று முந்தின நாளே வீட்டில் சொல்லிவிட்டாள். இரண்டு மாதத்தில் கேப்டன் ஆக வேண்டியவள். நேருக்கு நேர் மறுத்தால் அதுவும் போகும், வேலையும் போகலாம் என்பது அப்பாவின் பயம்.

எழுதிக் கொடுத்தேன். நான் நாளிதழில் பிழை திருத்துகிறவன். வேலைநிறுத்தச் செய்திகளில் இந்த வயிற்றுவலியை எத்தனையோ முறை திருத்தி அச்சுக்கு அனுப்பியிருக்கிறேன்.

அவள் யூனிஃபார்ம் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டே படித்தாள்.

"நல்லா எழுதிக்கீறீங்க அங்கிள். ஆனா எனக்கு ஒண்ணும் இல்லியே."

"ஒரு நாள் வலிச்சா இன்னா?" என்றார் அப்பா. "அல்லாரும் அப்டிதான் போட்டுகினு கீறாங்க."

"சீக்குன்னு படுத்துக்கினா எதுக்கு வரலன்னு யாருக்கு நைனா தெரியும்? எங்க ரெகுலர் ஃப்ளைட்டுன்னா இப்பவே ஏறுவேன். இது அவங்க நிறுத்தி வெச்ச வேலை. நீ அன்னிக்கு கேட்ல வண்டியப் போட்டப்ப டயர் பஞ்சர்னா சொன்னே?"

யார்டில் லோடு ஏற்றுகிறவர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது, வெளியாட்கள் ஏற்றிய கன்டெய்னரை எடுக்க மாட்டேன் என்று அவர் துறைமுக கேட்டிலேயே சொன்னது தெருவுக்கே தெரியும். அதன் பிறகு எட்டு மாதம் அவருக்கு லோடு கிடைக்கவில்லை என்பதும் தெரியும்.

"அது நானு. இந்த வண்டி இல்லன்னா இன்னொரு வண்டி. உனுக்கு அப்டியா?"

அவள் லெட்டரை மடித்து அப்பா கையில் கொடுத்துவிட்டு, சட்டையை மாட்டிக்கொள்ள உள்ளே போனாள். கம்பெனி கார் வந்தது. அவளுடைய பையை அவரே தூக்கிக்கொண்டு போய் காரில் வைத்தார்.

அன்று அவர் லோடு எடுக்கவில்லை. மூன்று மணிக்கு அவள் வந்த ஆட்டோ தெருமுனையில் நின்றபோது அங்கேதான் நின்றிருந்தார். நானும் மாலைப் பத்திரிகை வாங்கப் போயிருந்தேன்.

"இன்னா ஆச்சு?"

"விசாரணை முடியற வரைக்கும் பறக்கக் கூடாதாம். கேப்டன் லிஸ்ட்லேர்ந்து எடுத்துட்டாங்க."

அவர் ஆட்டோக்காரருக்குக் காசு கொடுத்தார்.

"காய்தத்துல இன்னான்னு எழுதிக்கீறாங்க?"

அவள் போனைத் திறந்து ஆங்கிலத்தில் பார்த்து, தமிழில் சொன்னாள். "பணிக்கு வந்தார். விமானத்தை ஓட்ட மறுத்தார்."

"சீக்குன்னு போடலியே?"

"போடல நைனா."

"மீன் ஆறிப்போச்சு, வா" என்று பையை வாங்கிக்கொண்டு முன்னால் நடந்தார்.